கட்டில் விஷயத்தில் போப்புக்கு இருக்கும் அக்கறை புத்தருக்கு ஏன் இல்லை?

தோபாயோ_ராசு எழுதியது:

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் மதியச் சாப்பாட்டு மேசை எங்களுக்கு மூன்று பேர் மேசை. நான், மணிலாவிலிருந்து வந்த ஒரு அக்கா, கோன் கேனிலிருந்து வந்த ஒரு தாய்லாந்துப் பெண். போன வாரம் பேச்சு எங்கேயோ ஆரம்பித்துப் பிள்ளைகள் எத்தனை என்பதில் வந்து நின்றது. மணிலா அக்கா தன் அம்மாவுக்கு ஒன்பது பிள்ளைகள் என்றார். தாய்லாந்துப் பெண் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1970 வாக்கில் பிலிப்பைன்ஸ், தாய்லாந்து இரண்டிலும் மக்கள்தொகை ஏறக்குறைய சமம். ஒவ்வொன்றிலும் மூன்றரைக் கோடியை ஒட்டித்தான். 2020-ல் பிலிப்பைன்ஸ் கணக்கெடுப்பில் 10.9 கோடி. தாய்லாந்து ஏழு கோடியை ஒட்டித்தான். ஒன்று கத்தோலிக்க நாடு, மற்றது பௌத்த நாடு.

என் சந்தேகம் இதுதான். இரண்டு மதத்திலும் துறவிதான் உச்சம். இரண்டிலும் சாமியார் கல்யாணம் செய்யக் கூடாது. அப்படியிருக்க, ஒரு மதம் கருத்தடை கூடாது என்று கணவன் மனைவி படுக்கையறைக்குள் இவ்வளவு சட்டம் போடுகிறது, இன்னொன்று கண்டுகொள்வதே இல்லை. ஏன்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

சுருக்கமா_சொல் எழுதியது:

மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வத்திக்கான் இருப்பது ரோமுக்கு நடுவில். இத்தாலியில் ஒரு பெண்ணுக்கு 1.2 குழந்தை. ஸ்பெயினும் அதே கதை. பிலிப்பைன்ஸிலேயே 2022 ஆய்வில் 1.9-க்கு வந்துவிட்டது. பெண்கள் படித்தால் குறையும். இழையை மூடலாம்.

---

பழையஏடு எழுதியது:

மூட வேண்டாம், சுருக்கமாரே. எண்ணிக்கைக்கு நீங்கள் சொல்வது சரி. ராசு கேட்டது வேறு: மனப்பான்மை ஏன் வேறாயிற்று என்பது. அதற்குப் பழைய கதை இரண்டு சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதல் கதை பிக்குகளின் ஒழுக்க விதி நூலான வினய பிடகத்தில் இருக்கிறது. வைசாலிக்குப் பக்கத்தில் கலந்தக கிராமம். அங்கே சுதின்னன் என்று ஒரு செல்வர் வீட்டு ஒரே மகன். பெற்றோரிடம் சாப்பிடாமல் பிடிவாதம் பிடித்து பிக்கு ஆகிவிட்டான். பிறகு ஒரு பஞ்ச காலத்தில் ஊர்ப்பக்கம் வருகிறான். அம்மா அழுகிறாள்: "நீ திரும்பி வரவேண்டாம். வம்சத்துக்கு ஒரு வித்து மட்டும் கொடுத்துவிட்டுப் போ. இல்லாவிட்டால் சொத்தையெல்லாம் ஊரை ஆளும் லிச்சவிகள் எடுத்துக்கொள்வார்கள்." அப்போது சங்கத்தில் இதைத் தடுக்கும் விதியே இல்லை. அவன் தன் பழைய மனைவியோடு கூடுகிறான். மகன் பிறக்கிறான். பெயரே பீஜகன், அதாவது வித்து. விஷயம் புத்தருக்குத் தெரிந்ததும் அவர் திட்டிய திட்டு கடுமையானது. அதைவிட நச்சுப்பாம்பின் வாயில் உறுப்பை வைத்திருக்கலாமே என்கிறார். பிக்குவைச் சங்கத்திலிருந்தே விலக்கும் முதல் பாராஜிக விதி அப்படித்தான் பிறந்தது.

சுதின்னன் காமத்தால் போனவன் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளைக்காகப் போனான். அம்மா கேட்டாள் என்று போனான். நம் ஊரில் எந்தப் பஞ்சாயத்தும் அவனை விட்டுவிடும். புத்தர் விடவில்லை. பிள்ளைக்காக என்று சொல்வது அங்கே ஒரு சமாதானமே இல்லை.

இரண்டாவது, வட ஆப்பிரிக்காவின் அகஸ்டின். கிறிஸ்தவர் ஆவதற்கு முன் ஒரு பெண்ணோடு பல வருஷம் வாழ்ந்தவர், ஒரு மகனும் உண்டு. பிறகு ஆயராகி, 401-ஐ ஒட்டி, திருமணத்தின் நன்மை பற்றி எழுதும்போது மூன்று நன்மைகளைச் சொல்கிறார்: பிள்ளை, ஒருவருக்கொருவர் உண்மையாயிருத்தல், பிரியாத பந்தம். பிள்ளைக்காகக் கூடினால் குற்றமில்லை. அதைத் தாண்டி ஆசைக்காகக் கூடினால் சின்னப் பாவம், கணவன் மனைவி என்பதால் மன்னிக்கலாம். அதாவது உடலுறவுக்கு ஒரு வக்கீல் வேண்டியிருக்கிறது. அந்த வக்கீல் பிள்ளை.

இப்போது ராசுவின் கேள்விக்கு வாருங்கள். வக்கீலையே வரவிடாமல் தடுப்பதுதான் கருத்தடை. அதனால்தான் திருச்சபைக்கு அது பெரிய விஷயம். பௌத்தத்தில் குறை இருப்பது வேட்கையில். பிள்ளை பிறந்தாலும் வேட்கை வேட்கைதான், பிறக்காவிட்டாலும் அதேதான். ஆகவே இல்லறத்தான் மாத்திரை போடுகிறானா இல்லையா என்று பார்க்கக் காரணமே இல்லை. பஞ்சசீலத்தின் மூன்றாவது சீலம் தகாத உறவு கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது.

---

கடலோர_சிஸ்டர் எழுதியது:

நான் நர்ஸ், கன்னியாஸ்திரீ இல்லை. பெயரைப் பார்த்துத் தப்பாக நினைக்காதீர்கள். குமரி மாவட்டக் கடற்கரையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நானும் ஆர்.சி.தான்.

ஏட்டில் இருப்பது ஏட்டோடு. எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்யமாட்டார்கள். அதனால் முதல் பிரசவத்தைச் சிஸ்டர்மார் நடத்தும் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள், சுத்தமாக இருக்கும், அன்பாகப் பேசுவார்கள். இரண்டாவதுக்கு மட்டும் அரசு ஆஸ்பத்திரி. "ஏன் இங்கே வந்தே?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு எங்களுக்கு அர்த்தம் தெரியும். பிரசவத்தோடு சேர்த்து ஆபரேஷனும் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் நற்கருணையும் வாங்குவாள். பங்குச் சாமிக்குத் தெரியாதா? தெரியும். கேட்கமாட்டார். இவளும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லமாட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின வகுப்பில் இயற்கை முறை சொல்லிக்கொடுப்பார்கள். ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் தம்பதி கண்டுபிடித்த முறை, கருப்பை வாய்ச் சளியைப் பார்த்துக் கரு தங்கும் நாளைக் கணிப்பது. முறை மோசமில்லை, புரிந்து செய்தால் வேலை செய்யும். ஆனால் கடலுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வரும் புருஷனிடம் "இன்றைக்கு நாள் சரியில்லை" என்று எந்தப் பெண் சொல்வாள்? சொன்னால் அவன் கேட்பானா? அந்த வகுப்பை எடுக்கிறவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

---

சுருக்கமா_சொல் எழுதியது:

சிஸ்டர் ஒரு பத்தியில் இழையை முடித்துவிட்டார்.

---

மாத்தளையாள் எழுதியது:

பௌத்தம் படுக்கையறையைக் கண்டுகொள்வதில்லை என்று எழுதுகிறீர்கள். இலங்கையில் இருந்து பார்த்தால் அது பாதி உண்மை.

முதலில் உண்மையான பாதி. எங்கட சிங்களச் சிநேகிதிகளின் கலியாணத்துக்குப் போயிருக்கிறேன். பிக்கு வந்து தாலி எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒன்றும் கிடையாது. போருவ என்கிற மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்பார்கள், சுண்டுவிரல்களை நூலால் கட்டி நீர் வார்ப்பார்கள், வெள்ளை உடுத்த சிறுமிகள் ஜயமங்கல காதா பாடுவார்கள். நடத்தி வைப்பவர் இல்லறத்தார் ஒருவர். கையெழுத்துக்குப் பதிவாளர். பிக்குவுக்கு வீட்டில் தானம் கொடுப்பது தனிச் சடங்கு. கலியாணம் அங்கே கத்தோலிக்கரிடம் போல் திருவருட்சாதனம், அதாவது புனிதச் சடங்கு, இல்லை, ஊர் வழக்கம்தான்.

ஊர் வழக்கம் என்பதால் அது எப்படியும் இருக்கலாம். கண்டியச் சிங்களவரிடம் அண்ணன் தம்பிக்கு ஒரே மனைவி என்ற வழக்கம் இருந்தது. காணியைப் பிரிக்கக் கூடாது என்பது காரணம். புத்த விகாரைகள் அதை எதிர்த்து நிற்கவில்லை. 1859-ல் வெள்ளைக்காரன்தான் சட்டம் போட்டு நிறுத்தினான். அதே கண்டியச் சட்டத்தில் இன்றைக்கும் இருவரும் சம்மதித்தால் மணவிலக்கு எடுக்கலாம். நாட்டின் பொதுச் சட்டத்தில் ஒருவர் மற்றவர் மேல் குற்றம் நிரூபிக்க வேண்டும். வெள்ளைக்காரர் கொண்டுவந்த திருமணம் எது, பழைய திருமணம் எது என்று இதிலேயே தெரியும்.

இனி மற்றப் பாதி. 2012-ல் தொடங்கிய பொது பல சேனா என்ற கடும்போக்குப் பௌத்த அமைப்பு, சிங்கள பௌத்தருக்கான குடும்பக் கட்டுப்பாட்டை எதிர்ப்பதைத் தன் முதல் தீர்மானங்களில் ஒன்றாக வைத்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடையின் கறியில் ஏதோ கட்டி கிடந்தது என்று பிரச்சினை. "வந்த பெத்தி", சிங்களவரை மலடாக்குகிற குளிசை என்று கதை கட்டி, கடையை அடித்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பரிசோதித்தால் அது மாவுக்கட்டி. அப்படி ஒரு குளிசை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். மியன்மாரில் இன்னும் ஒரு படி மேலே. பிக்குகளின் மா பா தா இயக்கம் கேட்டு 2015-ல் சட்டமே வந்தது. அரசாங்கம் குறிக்கும் பகுதியில் இரண்டு பிள்ளைப்பேறுக்கு இடையில் 36 மாதம் இடைவெளி விடச் சொல்லலாம். ரோஹிங்கிய முஸ்லிம்களை நினைத்து எழுதிய சட்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

தன் பெண்கள் கூடப் பெற வேண்டும், மற்றவன் பெண்கள் குறையப் பெற வேண்டும். இதில் சுதின்னனும் இல்லை, வேட்கையும் இல்லை. தலைக்கணக்குத்தான்.

---

கடலோர_சிஸ்டர் எழுதியது:

மாத்தளையாள், இது எல்லை தாண்டின நோய். 2021-ல் கேரளத்தில் பாலா மறைமாவட்டம் ஐந்து பிள்ளையோ அதற்கு மேலோ உள்ள குடும்பத்துக்கு மாதம் 1,500 ரூபாய் என்று அறிவித்தது. அதற்கும் அடியில் இருந்தது நம் ஆட்கள் குறைகிறார்கள் என்கிற பயம்தான். 1,500 ரூபாயில் ஐந்து பிள்ளைக்குப் பால் பவுடர் கூட வராது.

---

ஓலைவாசித்தவன் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து திருச்சபையை அடிப்பது போல் இருக்கிறது. நான் மறைக்கல்வி ஆசிரியர். இரண்டு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள்.

படுக்கையறைக்குள் சட்டம் போட்டது என்கிறீர்கள். அந்தச் சட்டத்தின் ஆரம்பம் என்ன? பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்: மனைவியின் உடல்மேல் அதிகாரம் கணவனுக்கு, அதே போல் கணவனின் உடல்மேல் அதிகாரம் மனைவிக்கு. முதல் பாதியை எந்த ஊர்க்காரனும் சொல்வான். இரண்டாம் பாதியை அந்தக் காலத்தில் யார் சொன்னது? 1563-ல் கத்தோலிக்க ஆயர்களின் பெருங்கூட்டமான திரெந்து சங்கம், பெற்றோர் சம்மதம் இல்லாவிட்டாலும் திருமணம் செல்லும் என்றது. நம் ஊரில் இன்றைக்கும் அதற்காக அரிவாள் தூக்குகிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டுச் சங்கத்தையே எடுத்துக்கொண்டால், துறவு திருமணத்தைவிட மேல் என்பதை மறுப்பவன் சபிக்கப்பட்டவன் என்றும் அதே கூட்டத்தில்தான் எழுதினார்கள். அதையும் மறைக்கவில்லை. சபையிலிருந்து பிரிந்த துறவி லூத்தர் 1525-லேயே ஒரு முன்னாள் கன்னியாஸ்திரீயைக் கல்யாணம் செய்து ஆறு பிள்ளை பெற்றுவிட்டார், அவர் பக்கத்தாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கருத்தடைக்கு வருவோம். எல்லாக் கிறிஸ்தவரும் ஒரே கருத்து இல்லை. 1930 வரை இங்கிலாந்துத் திருச்சபை வழியினரான ஆங்கிலிக்கரும் எதிர்த்தார்கள். அந்த வருஷம் அவர்களுடைய ஆயர்களின் லாம்பெத் மாநாட்டில்தான் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். டிசம்பரிலேயே போப் பதினோராம் பத்திநாதர் (பயஸ்) சுற்றுமடல் எழுதி மூடினார். 1968-ல் கருத்தடை கூடாது என்று போப் ஆறாம் பவுல் எழுதிய மடல்தான் எல்லோரும் திட்டுவது. அவர் அமைத்த குழுவிலேயே பெரும்பான்மையோர் தளர்த்தலாம் என்றார்கள், அவர் கேட்கவில்லை. நான் அதில் அவர் பக்கமா என்றால், எனக்கும் இரண்டே பிள்ளை, மேலே கேட்காதீர்கள். ஆனால் அந்த மடலில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: அரசாங்கம் இந்தக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு மக்கள்மேல் திணித்தால் யார் தடுப்பது என்று. எட்டு வருஷம் கழித்து எமர்ஜென்சியில் ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன் நடந்தது இங்கேதான். பெருவில் ஃபுஜிமோரி ஆட்சியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பெரும்பாலும் மலைவாழ் ஏழைகளுக்கு, ஆபரேஷன் செய்தார்கள். பலரிடம் சம்மதமே கேட்கவில்லை. அப்போது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் திருச்சபையும் உண்டு. கண்டுகொள்ளாமல் இருப்பது பெருந்தன்மை என்று மட்டும் எண்ண வேண்டாம்.

---

தோபாயோ_ராசு எழுதியது:

ஓலைவாசித்தவன் அண்ணே, நல்ல அடி. அந்த ‘மேலே கேட்காதீர்கள்’ மட்டும் இந்த இழையின் சிறந்த வரி.

தாய்லாந்து விஷயம் கொஞ்சம் படித்தேன். 1970-ல் கிராமத்து மருத்துவச்சிகளே மாத்திரை கொடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. 1974-ல் மீச்சாய் விரவைத்யா என்பவர் தொண்டு நிறுவனம் ஆரம்பித்து ஊர் ஊராக ஆணுறையை ஊதிப் பலூன் விட்டுக் காட்டியிருக்கிறார். அங்கே ஆணுறைக்கே மீச்சாய் என்று பெயர் வந்துவிட்டது. பாங்காக்கில் அவர் உணவகத்தில் பில்லோடு சோம்புக்குப் பதில் ஆணுறை. இதெல்லாம் சரி. பிக்குகள் ஆணுறைப் பெட்டிக்குத் தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார்கள் என்பதுதான் என்னை மடக்கியது. "பிறப்பு பல, துன்பம் பல" என்று புத்த வாக்கியமே பிரசாரம் ஆனதாம். அப்படி ஒரு வாக்கியம் உண்மையிலேயே இருக்கிறதா?

மணிலாவில் அதற்கு நேர்மாறு. 2000-ல் மேயர் அட்டியென்சா ஓர் உத்தரவு போட, நகர சுகாதார நிலையங்களில் மாத்திரை, காப்பர் டி எல்லாம் காணாமல் போயின. கருத்தடை வசதி தரும் நாடு முழுவதற்குமான சட்டம் வர 2012 டிசம்பர் ஆயிற்று. அதையும் உச்ச நீதிமன்றம் 2014 வரை நிறுத்தி வைத்திருந்தது.

---

பழையஏடு எழுதியது:

பிரசாரத்துக்கு எந்த வரியை எடுத்தார்களோ, அந்தக் கருத்து உதானம் என்ற பௌத்த நூலில் ஒரு கதையாக இருக்கிறது. புத்தரின் இல்லறச் சீடரான விசாகைக்குப் பத்து மகன், பத்து மகள் என்று மரபு. ஒரு பேரப்பிள்ளை செத்துப்போக, ஈரத் துணியும் ஈரத் தலையுமாகப் புத்தரிடம் ஓடி வருகிறாள். அவர் கேட்கிறார்: "சாவத்தி நகரத்தில் எத்தனை பேரோ அத்தனை பிள்ளைகளும் பேரர்களும் உனக்கு வேண்டுமா?" "வேண்டும்" என்கிறாள். "இந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் சாகிறார்கள்?" "பத்துப்பேர், ஒன்பதுபேர், ஒருவராவது." "அப்படியானால் உன் தலையும் துணியும் என்றைக்காவது காயுமா?" நூறு பிரியமானவர்கள் இருந்தால் நூறு துன்பம் என்று முடிகிறது. பிள்ளை பெறாதே என்று அவர் சொல்லவில்லை. ஆனால் "பலுகிப் பெருகுங்கள்" என்ற ஆதியாகம வாக்கியத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓலைவாசித்தவன் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். பௌத்தம் முழுக்கவும் வாய்மூடி இருக்கவில்லை. கரு உருவானதும் உயிர், அதை அழிப்பது முதல் சீலத்தில் வந்துவிடும். பிக்கு ஒருவர் கருக்கலைப்புக்கு உதவினால் அதுவும் பாராஜிகம். பிக்கு ஆணுறையை ஆசீர்வதிக்கும் அதே தாய்லாந்தில் 2010-ல் பாங்காக் விகாரை ஒன்றின் சவக்கிடங்கில் 2,002 சிசுக்களின் உடல்கள் கிடைத்தன. கருக்கலைப்பு பெரும்பாலும் சட்டவிரோதமாக இருந்ததால் திருட்டுத்தனமாக நடந்தவை. 2021-ல்தான் 12 வாரம் வரை சட்டம் அனுமதித்தது.

இன்னொரு விஷயம் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அகஸ்டின் கிறிஸ்தவர் ஆவதற்கு முன் ஒன்பது வருஷம் மானி மதத்தில் இருந்தவர். மானி தன்னைப் புத்தர், ஜரதுஷ்டிரர், இயேசு வரிசையில் வந்தவனாகச் சொல்லிக்கொண்டவன். உயிரை உடம்புக்குள் மாட்டிவைப்பதே குற்றம் என்பது அவர்கள் கொள்கை, அதனால் பிள்ளை கூடாது. கேட்பவர் நிலையில் இருந்த இல்லறத்தாருக்கு, கரு தங்கும் நாட்களைப் பார்த்து விலகியிருக்கும்படி யோசனை சொன்னார்கள். அகஸ்டின் வெளியே வந்தபின் எழுதிய கண்டனத்தில் இதைத்தான் போட்டு வாட்டுகிறார்: நாள் பார்த்து விலகச் சொன்னவர்கள் நீங்கள்தானே, மனைவியை மனைவியாக வைத்திருக்கவில்லையே என்று. 1951-ல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசும்போது, தக்க காரணம் இருந்தால் நாள் பார்க்கலாம் என்றார். சிஸ்டர் சொன்ன வகுப்பில் கற்றுக்கொடுப்பது அகஸ்டின் திட்டிய அந்த விஷயத்தைத்தான். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்தில் சரக்கு கைமாறிவிட்டது.

---

ஓலைவாசித்தவன் எழுதியது:

இது எனக்குத் தெரியாது. அடுத்த வகுப்பில் சொல்லப்போவதும் இல்லை.

---

மாத்தளையாள் எழுதியது:

புத்தர் இல்லறத்தாருக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. சிகாலோவாத சூத்திரத்தில் கணவனுக்கு ஐந்து கடமை: மனைவியை மதி, இகழாதே, துரோகம் செய்யாதே, வீட்டு அதிகாரத்தை அவளிடம் கொடு, நகை வாங்கிக் கொடு. கடைசி கடமையை என் மனிசனுக்கு அனுப்பி வைத்தேன். பதில் இல்லை.

நகுலன் தகப்பனும் தாயும் என்று ஒரு வயதான தம்பதி வருவார்கள். இந்தப் பிறவியில் மனதாலும் ஒருவருக்கொருவர் தவறவில்லை, அடுத்த பிறவியிலும் சேர்ந்திருக்க வேண்டும் என்று புத்தரிடமே கேட்கிறார்கள். ஆசையை விடு என்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு நான்கும் இருவருக்கும் ஒத்திருந்தால் நடக்கும் என்று வழி சொல்கிறார். பிள்ளையைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல் கிடையாது. எனக்கு இந்த இருவரையும் நல்ல விருப்பம்.

---

தோபாயோ_ராசு எழுதியது:

இன்று மதியம் விசாகை கதையை இருவரிடமும் சொன்னேன். மணிலா அக்கா சனிக்கிழமை தவறாமல் நொவீனா தேவாலயத்துக்குப் போகிறவர். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு மாத்திரைதான், சாமியாரிடம் சொன்னீர்களா என்றால், "அவர் கேட்டால் சொல்வேன்" என்றார். சிஸ்டர் நினைவுக்கு வந்தார்.

தாய்லாந்துப் பெண் கதை முழுவதையும் பேசாமல் கேட்டாள். அப்புறம் சொன்னாள், கோன் கேனில் அவள் அம்மா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் விகாரைக்குப் போய், மகளுக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளை வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறாராம். பிக்கு என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "ஒன்றும் சொல்லமாட்டார், மெழுகுவர்த்தி விற்கிறார்" என்றாள்.